கலப்பெண் அணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்யெண் அணிகளைப் பெருக்கவும், அணிக்கோவை காணவும், ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்கவும் கற்றவர்கள், உறுப்புகளில் கலப்பெண்கள் நுழைந்ததும் திடீரென்று வேறு பாடத்துக்கு வந்துவிட்டதுபோலத் திகைக்கிறார்கள். அத்தனை திகைப்புக்குக் காரணமே இல்லை. உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுதான்: கலப்பெண் வெக்டர் ஒன்றின் நீளத்தை எப்படி அளப்பது? இதற்கான விடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் ஹெர்மிட்டியன், யூனிட்டரி என்று வரிசைகட்டி வரும் பெயர்களெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

குறியீடுகள்: கற்பனை அலகை இ என்று எழுதுகிறேன்; இ² = −1. அணிகளுக்கு ம, ப என்ற எழுத்துகள், வெக்டருக்கு வ. அணியின் உறுப்புகளை நிரை நிரையாக அடைப்புக்குறிக்குள் தருகிறேன்.

உறுப்புகள் கலப்பெண்களானால் கணக்கு முறையில் என்ன மாறுகிறது?

கூட்டல், பெருக்கல், அணிக்கோவை, நேர்மாறு, அணியின் தரம் (ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை), காஸ் நீக்கல் முறை ஆகியவற்றில் எதுவுமே மாறுவதில்லை. இவற்றுக்குத் தேவை நான்கு அடிப்படைச் செயல்கள் மட்டும்தான்: கூட்டல், கழித்தல், பெருக்கல், பூச்சியமல்லாத எண்ணால் வகுத்தல். கலப்பெண்களில் இவை நான்கும் மெய்யெண்களில் இருக்கும் அதே விதிகளோடு இருக்கின்றன.

எடுத்துக்காட்டாக, (1+இ, 2), (3, 1−இ) என்ற நிரைகளைக் கொண்ட அணியைப் பாருங்கள். அணிக்கோவை (1+இ)(1−இ) − 6 = 2 − 6 = −4. நேர்மாறு வழக்கம்போலத்தான்: மூலைவிட்ட உறுப்புகளை இடம் மாற்றி, மற்ற இரண்டின் குறியை மாற்றி, −4ஆல் வகுக்க வேண்டும். அதாவது −1/4 பெருக்கல் (1−இ, −2), (−3, 1+இ).

ஓர் இடத்தில் மட்டும் கண் ஏமாறும். (1, இ), (இ, −1) என்ற இரு நிரைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவைபோலத் தோன்றும். ஆனால் முதல் நிரையை இ ஆல் பெருக்கினால் இரண்டாவது நிரை கிடைத்துவிடுகிறது. அணிக்கோவை −1 − இ² = 0; தரம் 1. மெய்யெண் அணியில் ஒரு நிரை மற்றொன்றின் மடங்கா என்பது பார்த்தவுடன் தெரியும். இங்கே கலப்பெண் மடங்குகளையும் கணக்கில் கொள்ள வேண்டியிருப்பதால் பார்வையை நம்பாமல் கணக்கிட்டுவிடுவதே நல்லது.

என் அணியில் மெய்யெண்கள் மட்டுமே இருக்கின்றன. எனக்கு எதற்குக் கலப்பெண்?

ஐகன் மதிப்பு (தன் கோட்டிலேயே நிற்கும் வெக்டரை அணி எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) தேடும்போது அவை அழைக்காமலே வந்து நிற்கும். தளத்தை 90 பாகை சுழற்றும் அணியின் நிரைகள் (0, −1), (1, 0). தளத்திலுள்ள எந்த வெக்டரும் இந்தச் சுழற்சிக்குப் பின் தன் கோட்டிலேயே இருப்பதில்லை. எனவே மெய்யெண் ஐகன் மதிப்பு இருக்கவே முடியாது. சிறப்பியல்புச் சமன்பாடும் அதையே சொல்கிறது: ஐகன் மதிப்பின் வர்க்கம் + 1 = 0. மூலங்கள் இ, −இ. வெக்டர் (1, −இ) மீது இந்த அணியைச் செலுத்தினால் (இ, 1) கிடைக்கும். அது இ × (1, −இ). அதாவது கலப்பெண் வெளியில் இந்தச் சுழற்சிக்கும் அசையாத திசைகள் இரண்டு இருக்கின்றன.

பூச்சியத்தைவிட உயர்ந்த படியுள்ள ஒவ்வொரு பல்லுறுப்புக்கோவைக்கும் கலப்பெண்களில் ஒரு மூலமாவது உண்டு என்பது இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். காஸ் 1799இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எடுத்துக்கொண்டது இதைத்தான். இதன் பயனாக, எந்தச் சதுர அணிக்கும் கலப்பெண்களில் ஐகன் மதிப்பு நிச்சயம் உண்டு. மடங்குகளையும் சேர்த்து எண்ணினால், அணியின் வரிசை எவ்வளவோ அத்தனை ஐகன் மதிப்புகள்.

மெய்யெண் அணியில் கலப்பெண் ஐகன் மதிப்புகள் இணைகளாகவே வரும். 2+3இ இருந்தால் 2−3இ இருந்தே தீரும். இதிலிருந்து அழகான ஒரு முடிவு கிடைக்கிறது: 3×3 மெய்யெண் அணிக்கு மூன்று ஐகன் மதிப்புகள், இணைகளாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும், அது மெய்யெண்ணாகத்தான் இருக்க வேண்டும். முப்பரிமாணச் சுழற்சிக்கு எப்போதும் ஓர் அச்சு உண்டு என்று 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவியதன் பின்னணியில் இந்த ஒற்றை மெய்யெண்ணைக் காணலாம். சுழற்சியின் அணிக்கோவை 1 என்பதால் ஐகன் மதிப்புகளுள் ஒன்று 1ஆக அமைகிறது. அதற்குரிய வெக்டரே அச்சு.

வெறும் நிரை நிரல் மாற்று போதாதா? ஏன் இணை எண்ணும் (கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றிய எண்) எடுக்க வேண்டும்?

இந்தப் பாடத்தின் இதயம் இந்தக் கேள்விதான். மற்ற எதையும் விட இதற்கு நேரம் கொடுங்கள்.

மெய்யெண் வெக்டரின் நீளத்தின் வர்க்கம், அதன் உறுப்புகளின் வர்க்கங்களின் கூடுதல். அதே விதியை (1, இ) என்ற வெக்டருக்குப் போட்டுப் பாருங்கள்: 1² + இ² = 1 − 1 = 0. பூச்சியமல்லாத வெக்டருக்குப் பூச்சிய நீளம்! (1, 2இ) என்றால் இன்னும் மோசம்: 1 − 4 = −3. நீளத்தின் வர்க்கம் குறை எண்ணாகிவிட்டது. இப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு தூரம், செங்குத்து, தோராயம் எதையும் பேச முடியாது.

தீர்வு கலப்பெண்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கலப்பெண்ணை அதன் இணை எண்ணால் பெருக்கினால் மட்டு மதிப்பின் வர்க்கம் கிடைக்கும். அது ஒருபோதும் குறை எண்ணாகாது. ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் தன்னாலேயே பெருக்காமல், தன் இணை எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறோம். (1, இ)க்கு 1·1 + (−இ)(இ) = 2; நீளம் √2. (1, 2இ)க்கு 1 + 4 = 5; நீளம் √5.

வெக்டரை நிரலாக எழுதினால், இந்தக் கணக்கு 'வ-வை நிரையாக மாற்று, கூடவே ஒவ்வோர் உறுப்புக்கும் இணை எண் எடு, பிறகு வ-வால் பெருக்கு' என்றாகிறது. அந்த இரட்டைச் செயலுக்கு இணை மாற்று என்று பெயர் வைத்து வ* என எழுதுவோம். நீளத்தின் வர்க்கம் வ*வ. அணிக்கும் இதே செயல்தான்: ம* என்பது ம-வின் நிரைகளையும் நிரல்களையும் மாற்றி, எல்லா உறுப்புகளுக்கும் இணை எண் எடுத்த அணி. பெருக்கலில் வரிசை தலைகீழாகும் பழைய விதி அப்படியே தொடர்கிறது: (மப)* = ப*ம*. ம*-இன் அணிக்கோவை, ம-வின் அணிக்கோவையின் இணை எண்.

மெய்யெண் பாடத்தில் நீளமோ கோணமோ சம்பந்தப்பட்ட எந்த வாக்கியத்திலும் நிரை நிரல் மாற்று வந்தால், அங்கே இணை மாற்றைப் போட்டுப் படியுங்கள். பெரும்பாலும் சரியான கலப்பெண் வாக்கியம் கிடைத்துவிடும்.

உட்பெருக்கத்தில் எந்த வெக்டருக்கு இணை எண் எடுப்பது?

இரண்டு வழக்கங்கள் உண்டு. கணித நூல்களில் பெரும்பாலும் இரண்டாவது வெக்டருக்கு. இயற்பியலில் முதல் வெக்டருக்கு. விடைகள் ஒன்றுக்கொன்று இணை எண்களாக இருக்கும். நீளமும் செங்குத்துத்தன்மையும் மாறுவதில்லை. ஒரே கணக்கில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். இந்தப் பக்கத்தில் முதல் வெக்டருக்கே எடுக்கிறேன்.

ஹெர்மிட்டியன் அணி என்றால் என்ன? அதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

ம* = ம என்றால் அது ஹெர்மிட்டியன் அணி. மூலைவிட்டத்துக்கு இருபுறமும் எதிரெதிரே உள்ள உறுப்புகள் ஒன்றுக்கொன்று இணை எண்கள். மூலைவிட்ட உறுப்பு தனக்குத் தானே இணை எண்ணாக வேண்டியிருப்பதால் அது மெய்யெண்ணாகவே இருக்கும்.

இதன் மதிப்பு ஐகன் மதிப்புகளில் தெரியும். உறுப்புகள் கலப்பெண்களாக இருந்தாலும் ஹெர்மிட்டியன் அணியின் எல்லா ஐகன் மதிப்புகளும் மெய்யெண்கள்! மெய்யெண் சமச்சீர் அணிகளுக்கு இதைக் கோஷி 1829இல் நிறுவினார். இந்த விரிந்த வகைக்கும் அது பொருந்தும் என்று சார்லஸ் ஹெர்மிட் 1855இல் காட்டினார். அதனால்தான் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

நிறுவல் மூன்றே அடி. வ*மவ என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இணை எண் (வ*மவ)* = வ*ம*வ = வ*மவ; எனவே அது மெய்யெண். வ ஓர் ஐகன் வெக்டர் என்றால் அதே எண், ஐகன் மதிப்பு × வ*வ. வ*வ மிகை மெய்யெண். ஆகவே ஐகன் மதிப்பும் மெய்யெண்.

கையால் ஒன்று செய்து பார்ப்போம். நிரைகள் (2, 1−இ), (1+இ, 3). மூலைவிட்டக் கூடுதல் 5; அணிக்கோவை 6 − 2 = 4. எனவே ஐகன் மதிப்புகளின் கூடுதல் 5, பெருக்கல் 4: அவை 1, 4. ஐகன் மதிப்பு 1க்கு உரிய வெக்டர் (−1+இ, 1). 4க்கு உரியது (1−இ, 2). இவை செங்குத்தா? முதல் வெக்டரின் இணை எண்களை எடுத்து: (−1−இ)(1−இ) + 1·2 = −2 + 2 = 0. ஆம். இணை எண் எடுக்க மறந்திருந்தால் (−1+இ)(1−இ) + 2 = 2+2இ என்று வந்து, செங்குத்து இல்லை என்ற தவறான முடிவுக்குப் போயிருப்பீர்கள். தேர்வுத் தாள்களில் மிகச் சாதாரணமாக நேரும் பிழை இது.

கலப்பெண் சமச்சீர் அணியும் ஹெர்மிட்டியன் அணியும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இணை எண் எடுக்காமல் வெறும் நிரை நிரல் மாற்றுக்குச் சமமாக இருந்தால் அது கலப்பெண் சமச்சீர் அணி. அது தோற்றத்தில் ஒழுங்காக இருக்கும்; நடத்தையில் மெய்யெண் சமச்சீர் அணியின் நற்பண்புகள் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

முன்பு பார்த்த அதே நிரைகளைக் கொஞ்சம் வேறு நோக்கில் பாருங்கள்: (1, இ), (இ, −1). இது சமச்சீர். மூலைவிட்டக் கூடுதல் 0, அணிக்கோவை 0. எனவே இரண்டு ஐகன் மதிப்புகளும் பூச்சியம். அணியைத் தன்னாலேயே பெருக்கினால் பூச்சிய அணி வருகிறது. பூச்சியமல்லாத மெய்யெண் சமச்சீர் அணி ஒருபோதும் இப்படி நடக்காது. இந்த அணியை மூலைவிட்டமாக்கவும் முடியாது. எல்லா ஐகன் மதிப்புகளும் பூச்சியமாக இருக்கும் மூலைவிட்ட அணி பூச்சிய அணி மட்டும்தானே.

யூனிட்டரி அணி?

நீளத்தை மாற்றாத சதுர அணி. ம*ம = அலகு அணி என்பது இலக்கணம்; மெய்யெண் உலகின் செங்குத்து அணிக்கு இணையானது. நிரல்கள் ஒவ்வொன்றும் ஓரலகு நீளம் கொண்டவை, ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஐகன் மதிப்புகள் எல்லாவற்றின் மட்டு மதிப்பும் 1. அணிக்கோவையின் மட்டு மதிப்பும் 1. ஆனால் அணிக்கோவை 1 அல்லது −1ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஓரலகு வட்டத்தில் எங்கும் இருக்கலாம். நேர்மாறு காண ஒரு வகுத்தலும் தேவையில்லை. இணை மாற்றே நேர்மாறு.

எனக்கு மிகவும் பிடித்த யூனிட்டரி அணி ஃபூரியே அணி. 4×4 வடிவில் அதன் நிரைகள் (1, 1, 1, 1), (1, இ, −1, −இ), (1, −1, 1, −1), (1, −இ, −1, இ). எல்லாவற்றையும் 2ஆல் வகுக்க வேண்டும். (மின் பொறியியல் நூல்களில் இ-யும் −இ-யும் இடம் மாறியிருக்கும்.) முதல் இரண்டு நிரல்களை எடுத்து இணை எண்ணோடு பெருக்கிக் கூட்டினால் 1 + இ − 1 − இ = 0; செங்குத்து. ஒலியையோ படத்தையோ அதிர்வெண்களாகப் பிரிக்கும் வேலையின் மையத்தில் இருப்பது இந்த அணியின் பெரிய வடிவம்தான். இது வெறும் மெய்யெண் அணியாக இருந்திருந்தால் ஒரே ஓர் உறுப்பின் அடுக்குகளால் மொத்த அணியையும் இப்படி நெய்திருக்க முடியாது. இ-யின் அடுக்குகள் நான்கில் திரும்பி வருவதுதான் இந்த ஒழுங்கைத் தருகிறது. அந்த ஒழுங்கைப் பயன்படுத்திக் கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு முறையில், 1024 உறுப்புள்ள வெக்டருக்கு நேரடி அணிப் பெருக்கலில் தேவைப்படும் 10,48,576 பெருக்கல்கள் சுமார் 5,120ஆகக் குறைகின்றன. காஸின் குறிப்புகளில் இதே கருத்து 1805 வாக்கிலேயே இருந்தது என்பது பின்னர்தான் கவனத்துக்கு வந்தது.

இத்தனை வகைகளையும் எப்படி நினைவில் வைப்பது?

அணிகளைக் கலப்பெண்களோடு ஒப்பிடுங்கள். இணை எண் எடுப்பதற்கு நிகர், இணை மாற்று எடுப்பது. தன் இணை எண்ணுக்குச் சமமான எண் மெய்யெண். தன் இணை மாற்றுக்குச் சமமான அணி ஹெர்மிட்டியன். இணை எண் எடுத்தால் குறி மாறுவது தூய கற்பனை எண்; ம* = −ம என்றால் எதிர் ஹெர்மிட்டியன் அணி, அதன் ஐகன் மதிப்புகள் தூய கற்பனை எண்களும் பூச்சியமும். இணை எண்ணால் பெருக்கினால் 1 தருபவை ஓரலகு வட்டத்து எண்கள், அணிகளில் யூனிட்டரி.

ஒப்புமை இன்னும் நீளும். ஒவ்வொரு கலப்பெண்ணும் மெய்ப்பகுதி + இ × கற்பனைப் பகுதி என்று பிரிவதுபோல, எந்தச் சதுர அணியும் (ம + ம*)/2 என்ற ஹெர்மிட்டியன் பகுதியாகவும், (ம − ம*)/(2இ) என்ற இன்னொரு ஹெர்மிட்டியன் பகுதியின் இ மடங்காகவும் பிரியும்.

ஒரே இடத்தில் ஒப்புமை முறியும்: எண்களில் பெருக்கலின் வரிசை பொருட்டல்ல, அணிகளில் அந்த இரண்டு பகுதிகளும் இடம் மாறினால் வேறு விடை வரலாம். வராவிட்டால், அதாவது ம*ம = மம* என்றால், அந்த அணிக்கு இயல்நிலை அணி என்று பெயர். ஒன்றுக்கொன்று செங்குத்தான ஐகன் வெக்டர்களைக் கொண்டு முழுமையாக மூலைவிட்டமாக்க முடிவது இந்த வகையை மட்டும்தான். மற்ற சதுர அணிகளுக்கு ஷூர் 1909இல் தந்த முடிவு கைகொடுக்கும்: யூனிட்டரி மாற்றத்தால் எந்தச் சதுர அணியையும் மேல் முக்கோண வடிவுக்காவது கொண்டுவந்துவிடலாம்.

'மிகை' அணி என்கிறார்கள். கலப்பெண்களில் பெரியது சிறியது என்பதே கிடையாதே?

சரியான ஐயம். பூச்சியமல்லாத எல்லா வ-வுக்கும் வ*மவ மெய்யெண்ணாகவும் பூச்சியத்தைவிடப் பெரியதாகவும் இருந்தால் ம மிகை அணி. இதில் வியப்பான ஒன்று உண்டு. கலப்பெண் வெளியில் வ*மவ எப்போதும் மெய்யெண் என்றாலே ம ஹெர்மிட்டியன் ஆகிவிடுகிறது. தனியாக அந்த நிபந்தனையைக் கேட்க வேண்டியதில்லை. மெய்யெண் வெளியில் இப்படி நடப்பதில்லை. 90 பாகைச் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த மெய்யெண் வெக்டரும் சுழன்ற தன் வடிவத்துக்குச் செங்குத்து என்பதால், மெய்யெண் வெக்டர்களுக்கு அந்தக் கோவை எப்போதும் பூச்சியம், அணியோ பூச்சியமல்ல. வெக்டர் (1, −இ) போட்டுப் பார்த்தால் 2இ என்று உண்மை வெளிப்பட்டுவிடும். மெய்யெண் வெக்டர்கள் காணத் தவறுவதைக் கலப்பெண் வெக்டர்கள் கண்டுபிடித்துவிடுகின்றன.

கலப்பெண் தெரியாத கணினி நிரலில் கலப்பெண் அணியைக் கையாள முடியுமா?

முடியும். 3+4இ ஆல் பெருக்குவது, தளத்தில் (3, −4), (4, 3) என்ற மெய்யெண் அணியால் பெருக்குவதற்குச் சமம். அதேபோல ம + இப என்ற கலப்பெண் அணியை (ம, ப இரண்டும் மெய்யெண் அணிகள்) (ம, −ப), (ப, ம) என்ற இருமடங்கு வரிசையுள்ள மெய்யெண் அணியாக எழுதிச் சமன்பாடுகளைத் தீர்க்கலாம். புதிய அணிக்கோவை, பழையதன் மட்டு மதிப்பின் வர்க்கம். முதல் கேள்வியில் −4 வந்த அணிக்கு இங்கே 16 வரும். இடமும் நேரமும் கூடுதலாகும் என்பதால் வேறு வழியில்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள்.

நடைமுறையில் இவை எங்கே வருகின்றன?

மாறுதிசை மின்சுற்றுகளில், மின்தேக்கியும் மின்தூண்டியும் அலையின் கட்டத்தை முன்னோ பின்னோ நகர்த்துவதைக் கலப்பெண் ஒன்றே பிடித்துவிடுகிறது. 1893இல் மின் பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் இந்த முறையைப் பரப்பிய பின், சுற்றுகளின் சமன்பாடுகள் கலப்பெண் அணிச் சமன்பாடுகளாயின. குவாண்டம் இயற்பியலோ இவை இல்லாமல் எழுதவே முடியாத வடிவில் 1925இல் ஹைசன்பர்க், போர்ன், ஜோர்டான் கைகளில் பிறந்தது. அங்கே அளக்கப்படும் ஒவ்வோர் இயற்பியல் அளவும் ஒரு ஹெர்மிட்டியன் அணி. அளவீட்டில் கிடைக்கும் எண்கள் அதன் ஐகன் மதிப்புகள். அவை மெய்யெண்களாக இருந்தே ஆக வேண்டும் அல்லவா? காலத்தில் நிலை மாறுவது யூனிட்டரி அணியால். நீளம் மாறாததால் நிகழ்தகவுகளின் கூடுதல் 1ஆகவே நிற்கிறது. எலக்ட்ரானின் தற்சுழற்சியை விவரிக்கும் பௌலி அணிகளில் ஒன்றான (0, −இ), (இ, 0) ஒரே நேரத்தில் ஹெர்மிட்டியன், யூனிட்டரி இரண்டுமே. ஐகன் மதிப்புகள் மெய்யெண்ணாகவும் மட்டு 1ஆகவும் இருக்க வேண்டும். 1, −1 தவிர வேறு வழியில்லை.

அதிர்வுகளில் மெய்யெண் அணியே கலப்பெண் விடை தருகிறது. (0, 1), (−5, −2) என்ற அணியின் ஐகன் மதிப்புகள் −1+2இ, −1−2இ. மெய்ப்பகுதி −1, அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்கும் என்பதைச் சொல்கிறது; கற்பனைப் பகுதி 2, எவ்வளவு விரைவாக ஆடும் என்பதைச் சொல்கிறது.

கணினியில் கணக்கிடும்போது எதில் கவனம் வேண்டும்?

முதலில் இணை மாற்றின் குறி. மேட்லேப் மென்பொருளில் அணிக்குப் பின் ஒற்றை மேற்கோள் குறி இட்டால் இணை மாற்று. அதற்கு முன் ஒரு புள்ளியும் சேர்த்தால்தான் வெறும் நிரை நிரல் மாற்று. பைத்தானின் நம்பை தொகுப்பில் இதற்கு நேர்மாறான பழக்கம்: அணியின் நிரை நிரல் மாற்றுப் பண்பு இணை எண் எடுக்காது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கணினி நிரலை மாற்றி எழுதும்போது மெய்யெண் சோதனைகளில் எல்லாம் சரியாகவே வரும். கலப்பெண் தரவு வந்த அன்றுதான் விடை பிறழும். ஆகவே சோதனைத் தரவில் முதல் நாளிலிருந்தே (1, இ) போன்ற ஒரு வெக்டரைச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ஹெர்மிட்டியன் அணியின் ஐகன் மதிப்பில் 10⁻¹⁶ அளவில் ஒரு கற்பனைப் பகுதி ஒட்டிக்கொண்டு வருவது. அது தோராயப் பிழை. அதை வெட்டி எறிவதைவிட, ஹெர்மிட்டியன் அணிகளுக்கென்றே உள்ள தனிச் செயல்கூறை அழைப்பது மேல். அது மெய்யெண்களையே தரும், விரைவாக முடியும், ஐகன் வெக்டர்களையும் செங்குத்தாகவே வைத்திருக்கும். ஆனால் அத்தகைய செயல்கூறுகள் பெரும்பாலும் அணியின் ஒரு முக்கோணப் பாதியை மட்டுமே படித்து மறுபாதியை ஊகித்துக்கொள்ளும். உங்கள் அணி உண்மையில் ஹெர்மிட்டியன் இல்லையென்றால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் வேறோர் அணியின் விடை கைக்கு வரும். அழைப்பதற்கு முன் ம − ம*-இன் உறுப்புகள் போதிய அளவு சிறியனவா என்று ஒரு வரியில் சோதித்துவிடுங்கள்.